விசிலை அம்மாக்கள் கையில கொடுங்க

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடலைக் கொல்லையில மடை மாத்தி விட்டுட்டு வர்ற வழியில, பள்ளிக்கூடத்துத் திடல் பக்கம் வண்டியை நிறுத்தினேன். பொம்பளைப் புள்ளைங்க கபடிப் பயிற்சி நடந்துக்கிட்டு இருந்துச்சு. என் பெரியப்பா மகனோட சம்சாரம், எங்க பக்கம் அத்தாச்சின்னு கூப்பிடுவோம், புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கழுத்துல விசிலோட கோட்டோரமா நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. "கையை விடாதடி, செயின் அறுந்தா உள்ள வந்தவ தப்பிச்சுருவா!"

பக்கத்துல டீக்கடை வாசல்ல நின்ன ஒரு மாமா என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. "என்ன மாப்ளே, ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்? பொம்பளை கையில விசிலைக் குடுத்திருக்கீங்க?"

அந்த நேரத்துல நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்க எழுதுறேன்.

எங்க ஊர் இளைஞர் மன்றத்துல நான்தான் பொருளாளர். எட்டுப் பேர் கொண்ட கமிட்டி, எட்டும் ஆம்பளைங்க. பசங்க கபடி டீம் எங்க அப்பா காலத்துல இருந்தே இருக்கு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான். அறுப்பு முடிஞ்சு களம் காலியானா, மின்னொளி கபடிப் போட்டின்னு பிளக்ஸ் கட்டிருவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி புள்ளைங்களுக்கும் ஒரு டீம் ஆரம்பிச்சோம். ஒன்பது பேர் வந்தாங்க. என் பொண்ணும் அதுல ஒருத்தி, அப்ப எட்டாவது முடிச்சிருந்தா.

பொங்கலுக்கு ஒன்பது பேர். ஆடி மாசத்துல மூணு பேர். என் பொண்ணும் நின்னுட்டா. கமிட்டியில பேச்சு வந்தப்ப எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: "பொம்பளைப் புள்ளைங்க அப்படித்தான். வயசுக்கு வந்தா ஆர்வம் போயிரும்." நானும் தலையாட்டினேன்.

உண்மையான காரணம் எனக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, அதுவும் என் சம்சாரம் மூலமா. அந்த மூணு நாள்ல பயிற்சிக்குப் போக முடியாம ஒரு தடவை லீவு போட்டிருக்கா. மறுநாள், சொல்லாம லீவு போட்டதுக்குத் திடலைப் பத்து சுத்து ஓடச் சொல்லியிருக்கான் பயிற்சி கொடுத்த தம்பி. அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. நல்ல பையன், ஒரு பைசா வாங்காம வர்றவன், பசங்களுக்கும் அதே தண்டனைதான் கொடுப்பான். ஆனா என் பொண்ணால அவன்கிட்ட காரணத்தைச் சொல்ல முடியல. திடல்ல கழிப்பறையும் கிடையாது. பள்ளிக்கூடத்தை நாலரை மணிக்குப் பூட்டிருவாங்க. பசங்க கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்குவாங்க, இவங்க எங்க போவாங்க? அதனால மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்காம வந்து ஆடியிருக்காங்க. வெளியூர் போட்டின்னா பசங்களோட ஒரே வேன், ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்புறது. வேன்ல கூட ஒரு பொம்பளை ஆள் கிடையாது.

இதுல ஒண்ணுகூட எங்க எட்டுப் பேருக்குத் தோணல. கெட்ட எண்ணமெல்லாம் இல்ல, நாங்க யாரும் அந்த நிலைமையில நின்னதில்ல, அவ்வளவுதான். ஒரே ஒரு அம்மா அந்தக் கோட்டோரமா இருந்திருந்தா, முதல் வாரத்துலயே இதெல்லாம் பேசி முடிஞ்சிருக்கும்.

அம்மாக்கள் அதுவரைக்கும் எங்க இருந்தாங்கன்னு கேட்டா, எல்லா இடத்துலயும் இருந்தாங்க. நாலரை மணிக்கு எந்திரிச்சு பதினைஞ்சு பேருக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டினது அவங்க. சேறு ஒட்டின பனியனைத் துவைச்சது அவங்க. "படிக்கிற புள்ளைய ஆட விட்டா யாரு கட்டிக்குவா"ன்னு சண்டை போட்ட அப்பத்தாவைச் சமாளிச்சது அவங்க. புள்ளைக்கு பஸ் காசு வேணும்னு சிறுவாட்டுல இருந்து எடுத்துக் கொடுத்ததும் அவங்கதான். என் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வேன் வாடகை இருக்கு, நுழைவுக் கட்டணம் இருக்கு, கோப்பைக்கு எழுத்து வெட்டுன காசுகூட இருக்கு. அந்தச் சோத்துக்கு ஒரு வரி இல்ல. கமிட்டிக் கூட்டத்துக்கு அவங்களைக் கூப்பிட்டதும் இல்ல.

இப்ப அத்தாச்சி கதைக்கு வர்றேன். பக்கத்து ஊர் போட்டியில எங்க புள்ளைங்க முதல் சுத்துலயே தோத்தாங்க. எதிரணிக்காரிக ஒவ்வொரு தடவை ரெய்டு வர்றப்பவும் போனஸ் புள்ளியைச் சும்மா எடுத்துக்கிட்டுப் போனாங்க. நாங்க "கவனம் பத்தலை"ன்னு புள்ளைங்களைத் திட்டினோம். ஒரு வாரம் கழிச்சு, நூறு நாள் வேலை முடிஞ்சு வந்த அத்தாச்சி திடல் மதில்மேல உக்காந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு, என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க: "தம்பி, இது ஆம்பளைங்க கோடாச்சே, இதுல எதுக்கு இதுகளை ஆட விடுறீங்க?"

அப்பத்தான் விஷயம் புரிஞ்சுச்சு. கபடியில ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. நடுக்கோட்டுல இருந்து பால்க் கோடு ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். அதுக்கு அடுத்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எங்க புள்ளைங்க மாசக்கணக்கா பசங்க கோட்டுலயே பழகி, பின்னாடி தள்ளி நிக்கிறதே வழக்கமாயிருச்சு. போட்டியில கோடு முக்கால் மீட்டர் முன்னாடி இருக்கு, இவங்க பழைய இடத்துலயே நிக்கிறாங்க. எதிராளி சாவகாசமா வந்து கோட்டைத் தாண்டிக் காலை வச்சுட்டுப் போறா. திட்டு வாங்க வேண்டியது புள்ளைங்க இல்ல, கோடு போட்ட நாங்க.

அத்தாச்சி பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப மாவட்ட அளவுல ஆடினவங்க. பத்தொன்பது வயசுல கல்யாணம் ஆகி எங்க ஊருக்கு வந்தாங்க. இருபது வருசமா எங்க பந்தியில சோறு போட்டிருக்காங்க. அவங்களுக்குக் கபடி தெரியும்கிறது எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்ல. உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. பள்ளிக்கூடத்துல கோ-கோ ஆடினவங்க, ஈட்டி எறிஞ்சவங்க, இப்ப ரேஷன் கடை வரிசையில நிக்கிறாங்க.

"ஆடினது வேற, பயிற்சி கொடுக்கிறது வேற"ன்னு கமிட்டியில ஒருத்தர் சொன்னாரு. நியாயமான கேள்வி. அதுக்கு நான் ரெண்டு பேரைச் சொன்னேன்.

முதல் ஆள், ஷைலஜா ஜெயின். மகாராஷ்டிரா நாசிக்கைச் சேர்ந்த பயிற்சியாளர். ஆசிய விளையாட்டுல பெண்கள் கபடி 2010-லதான் சேர்ந்துச்சு. 2010, 2014 ரெண்டு தடவையும் தங்கம் இந்தியாவுக்குத்தான். நம்மளை யாரும் அசைக்க முடியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்ப, 2018 ஜகார்த்தா இறுதிப் போட்டியில ஈரான் பெண்கள் 27-24ன்னு இந்தியாவைத் தோற்கடிச்சாங்க. அந்த ஈரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவங்க இந்த ஷைலஜா ஜெயின்தான். நம்ம நாட்டுப் பொம்பளையோட அறிவை இன்னொரு நாடு மதிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய்த் தங்கம் வாங்கிக்கிச்சு.

ரெண்டாவது ஆள், எங்க மாவட்டத்துக்காரங்க. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பொண்ணு. 2006 தோகா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க. பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறிச்சாங்க. அந்த அவமானத்துக்கு அப்புறமும், அரசு கொடுத்த பரிசுப் பணத்தை வச்சு புதுக்கோட்டையில ஏழைப் புள்ளைங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தாங்க. நடுவுல செங்கல் சூளை வேலைக்கே திரும்பிப் போற நிலைமையும் வந்துச்சு. பிறகு முறையா பயிற்சியாளர் படிப்பு முடிச்சு, அரசுப் பயிற்சியாளர் ஆனாங்க. ஒரு பொண்ணுக்கு விளையாட்டு உலகம் என்னென்ன பண்ணும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்குத் தெரியும்? கோட்டோரமா அப்படி ஒருத்தர் நின்னா, ஓடுற புள்ளைக்கு எவ்வளவு தைரியம் வரும்!

ஆனா இப்படிப்பட்டவங்க உலகத்துலயே குறைச்சல்தான். டோக்கியோ ஒலிம்பிக்ல ஆடினவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். பயிற்சியாளர்கள்ல பெண்கள் 13 சதவீதம்தான். ஆட விடுறோம், ஆட்டிவைக்கிற இடத்துக்கு மட்டும் விட மாட்டோம்.

இது பொம்பளைப் புள்ளைங்க சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுராதீங்க. பசங்களுக்கும் இதுல ஆதாயம் இருக்கு. போன மாசிப் போட்டியில எங்க பசங்க டீம்ல நல்லா ரெய்டு போற ஒருத்தனுக்கு முட்டி பிசகிருச்சு. நாங்க என்ன பண்ணுவோம்? ஐஸை வச்சுத் தேய்ச்சு, துணியைச் சுத்தி, "ஆம்பளைதானடா, எந்திரி"ன்னு உள்ள தள்ளுவோம். அன்னைக்கு அவனோட அம்மா பந்தலுக்குள்ள வந்து, "இவன் ஆட மாட்டான்"னு சொல்லிட்டாங்க. மானம் போச்சுன்னு எங்களுக்குக் கோபம். ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்தா தசைநார் கிழிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு ரெய்டு போயிருந்தா மொத்தமா போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்தப் பையன் மேல எங்களுக்கும் பாசம்தான். ஆனா சுழற்கோப்பை மேல இருந்த பாசம் அன்னைக்கு முந்திக்கிச்சு.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுற விஷயம். பாதுகாப்பு. 2023-ல டெல்லி ஜந்தர் மந்தர்ல, ஒலிம்பிக் மேடை ஏறின மல்யுத்த வீராங்கனைகளே பாலியல் தொல்லைப் புகாரோட வாரக்கணக்கா தெருவுல உக்காந்திருந்ததை எல்லாரும் பார்த்தோம். உலகமே அறிஞ்சவங்களுக்கே முறையிட ஒரு இடம் கிடைக்கலைன்னா, எட்டாவது படிக்கிற கிராமத்துப் புள்ளை யார்கிட்ட சொல்லும்? பயிற்சி கொடுக்கிற ஆம்பளைங்க எல்லாம் தப்பானவங்கன்னு நான் சொல்ல வரல. பெரும்பாலானவங்க எங்க தம்பி மாதிரி சொந்த நேரத்தைச் செலவு பண்றவங்க. ஆனா பயிற்சி, தேர்வு, பயணம், தண்டனை எல்லாம் ஒரே ஆள் கையில இருந்தா, புள்ளை வாயைத் திறக்காது. அதிகாரம் உள்ள ஒரு பொம்பளை கூட இருந்தா நல்லவனுக்கும் அது காவல்தான், நாளைக்கு எவனும் அவன் மேல அபாண்டம் சொல்ல முடியாது.

"அதிகாரம் உள்ள"ன்னு எழுதினதைக் கவனிங்க. ஏன்னா இங்கதான் நாம வழக்கமா ஏமாத்துவோம். உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டுல 2016-ல சட்டமாச்சு. நல்லா நடத்துற தலைவிகள் நிறைய இருக்காங்க. ஆனா தலைவர் பேரு பொம்பளைக்கு, நாற்காலி புருசனுக்குன்னு இருக்கிற ஊர்களும் நமக்குத் தெரியும். விளையாட்டுச் சங்கங்களுக்கும் 2025-ல ஒரு சட்டம் வந்திருக்கு, தேசியச் சங்கங்களோட நிர்வாகக் குழுவுல நாலு பெண்களாவது இருக்கணும்னு. வரவேற்கிறேன். ஆனா டெல்லியில நாலு நாற்காலி போட்டா எங்க திடல்ல தானா விசில் ஊதாது. கீழ இருந்தும் வரணும். "மகளிர் அணி ஒருங்கிணைப்பாளர்"னு பிளக்ஸ்ல போட்டோ போட்டுட்டு, முடிவெல்லாம் டீக்கடையில எடுத்தா அது வெறும் அலங்காரம்.

இன்னொரு எதிர்க்கேள்வி என் வீட்டுக்குள்ளயே வந்துச்சு. என் சம்சாரம் கேட்டா: "ஏற்கனவே மாடு, சமையல், கொல்லை வேலை. இப்ப விசிலும் எங்க தலையிலயா?" இதுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. பழைய வேலையை எடுக்காம புது வேலையைக் கொடுத்தா அது கௌரவம் இல்ல, சுமை. அதனால கமிட்டியில நாங்க சில விஷயங்களை முடிவு பண்ணினோம்.

ஒண்ணு, போட்டி நாள்ல சோறு ஆக்குறது ஆம்பளைங்க பொறுப்பு. முதல் தடவை நான் ஆக்கின எலுமிச்சம்பழச் சோறு களியா போச்சு, உப்பும் கூட. புள்ளைங்க சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாங்க. இப்பப் பரவாயில்ல.

ரெண்டு, அத்தாச்சிக்குப் படி உண்டு. வெளியூர் போற அன்னைக்கு ஒரு நாள் கூலி 300 ரூபா மன்றக் கணக்குல இருந்து. "சேவைக்கு எதுக்குக் காசு"ன்னு ஒருத்தர் கேட்டாரு. ரேடியோ செட்டுக்காரருக்குக் காசு கொடுக்கிறோம், நடுவருக்குக் கொடுக்கிறோம். களை எடுக்கப் போனா கிடைக்கிற கூலியை விட்டுட்டு வர்றவங்களுக்கு மட்டும் சேவையா?

மூணு, கமிட்டியில மூணு அம்மாக்கள். அதுல ஒருத்தர் இணைப் பொருளாளர், என்கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடணும். கூட்டத்தை ராத்திரி ஒன்பது மணியில இருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மாத்தினோம். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எந்த அம்மா வர முடியும்? வேணும்னு ஒதுக்கல, ஆனா அந்த நேரமே அவங்களை ஒதுக்கிருச்சு.

நாலு, யார் ஆடணும், யார் உக்காரணும்கிற முடிவு புள்ளைங்க டீமுக்கு அத்தாச்சியோடது. அந்தத் தம்பி இப்பவும் வர்றான், பிடி நுணுக்கம் சொல்லிக் கொடுக்கிறான். ஆனா தலைமை அவங்க. சாயங்காலம் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கினதும் அம்மாக்கள்தான். நாங்க அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

முறையான படிப்பும் வேணும்னு அத்தாச்சியே சொல்றாங்க. பாட்டியாலாவுல இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துது. ஆனா மாடும் மாமியாரும் இருக்கிற வீட்டுப் பொம்பளை ஆறு வாரம் எப்படி வெளியூர் போய்த் தங்குவா? அரசாங்கத்துகிட்ட என் கோரிக்கை இதுதான். வட்டாரத் தலைநகர்ல, வார இறுதியில, தமிழ்ல, குழந்தையைக் கூட்டிக்கிட்டு வரலாம்கிற மாதிரி ஒரு பயிற்சி வையுங்க. ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணம் வந்து இறங்குது, நல்லது. பந்தோட சேர்த்து, அதைச் சொல்லிக் கொடுக்கிற உள்ளூர் ஆளையும் உருவாக்கினா இன்னும் நல்லது.

பலன் என்னன்னு கேப்பீங்க. கோப்பை எதுவும் வாங்கல. போன போட்டியில ரெண்டாவது சுத்து வரைக்கும் போனோம், அவ்வளவுதான். ஆனா மூணு பேரா இருந்த டீம்ல இப்ப பதினோரு பேர். அதுல நாலு பேர் பத்தாவது படிக்கிறவங்க, அதாவது "வயசுக்கு வந்தா போயிரும்"னு நாங்க கணக்குல இருந்து கழிச்ச வயசு. எல்லா அம்மாவும் சம்மதிக்கல. ஒரு அம்மா, வெயில்ல புள்ளை கறுத்துப் போகும்னு நிறுத்திட்டாங்க. அத்தாச்சியும் சில நேரம் ரொம்ப அதட்டுறாங்கன்னு புள்ளைங்க என்கிட்ட வந்து சொல்லுதுங்க. பொம்பளைன்னாலே பொறுமைன்னு யாரும் முடிவு கட்ட வேண்டாம், அவங்களையும் கேள்வி கேக்கத்தான் கமிட்டி இருக்கு.

என் பொண்ணு மட்டும் திரும்ப ஆட வரல. கூப்பிட்டுப் பார்த்தேன். "பழக்கம் விட்டுப் போச்சுப்பா"ன்னு சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை வந்து ஸ்கோர் எழுதுறா. நோட்டைக் கையில வச்சுக்கிட்டு ஆட்டத்தைப் பார்க்கிற அவ முகத்தைப் பார்க்கிறப்ப, அந்த நாலு மாசம் நான் அவகிட்ட காரணம் கேக்காம இருந்தது நெஞ்சை உறுத்தும்.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப இளைஞர் மன்றத்துல இருந்து நோட்டீஸோட வருவாங்க, ஆயிரமோ ரெண்டாயிரமோ எழுதுவீங்க. அடுத்த தடவை எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க: "புள்ளைங்களுக்கு டீம் இருக்கா? கமிட்டியில எத்தனை பொம்பளைங்க?" ஊர்க்காரன் நான் கேட்டா வம்பு. காசு கொடுக்கிற நீங்க கேட்டா உடனே பதில் வரும். உங்க பிள்ளைங்க சேர்ந்திருக்கிற நீச்சல், கிரிக்கெட் பயிற்சி மையத்துலயும் இதையே கேளுங்க. வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற அம்மாக்கள்ல எத்தனை பேர் ஒரு காலத்துல ஆடினவங்கன்னு விசாரிச்சுப் பாருங்க, ஆச்சரியப்படுவீங்க.

டீக்கடை மாமாவுக்கு நாளைக்கு நேர்லயே சொல்லிருவேன். ஊர்ல ஆம்பளைக்குப் பஞ்சம் இல்ல மாமா. நாலு பேர் வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கோம், நீங்களும் வாங்க.